வேர்க்குருவா, அம்மையா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஷீட் போட்ட மாடி வீட்டில் இருக்கிறோம். எட்டு மாதப் பையனுக்குக் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான். பவுடர் போட்டும் குறையவில்லை. அம்மையோ என்று மாமியார் பயப்படுகிறார். மெடிக்கலில் கொடுத்த க்ரீமைப் போடலாமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் வேர்க்குருதான். அந்த க்ரீம் வேண்டாம். ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. கைக்குழந்தையின் மெல்லிய தோலில், அதுவும் கழுத்து மடிப்பில், மருந்து சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தடவவே கூடாது.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது. வியர்வைக் குழாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தங்கினால் வேர்க்குரு வரும். பவுடர் அந்த அடைப்பைக் கூட்டும். கழுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள்: பவுடரும் வியர்வையும் திரண்டு வெள்ளைக் கோடாக நிற்கும், அதன் அடியில் தோல் இன்னும் சிவந்திருக்கும். பவுடர் தூள் குழந்தையின் மூச்சுக்கும் ஆகாது. தேங்காயெண்ணெயையும் வெயில் தணியும்வரை நிறுத்துங்கள்.

காலையும் மாலையும் சாதாரணத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். சோப்பு ஒரு வேளை போதும். பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். மடிப்பு நன்றாகக் காய்ந்த பிறகு தொளதொளவென்ற பருத்திச் சட்டை. கழுத்தில் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். ஷீட் சூடு வீட்டுக்குள் இறங்கும் மத்தியான நேரத்தில் கீழ்வீட்டிலோ காற்றோட்டமான இடத்திலோ ஃபேன் போட்டுப் படுக்கவையுங்கள். அப்புறம், குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாட்டிமார் அன்பாகச் செய்வதுதான், ஆனால் அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்குக் கெடுதல். இப்படிச் செய்தாலே சில நாளில் தணியும்.

சின்னம்மை என்றால் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும். கொப்புளங்களில் நீர் கோக்கும், தலைமுடிக்குள்ளும் வரும். சில புதிதாகக் கிளம்பும்போதே சில காய்ந்துகொண்டிருக்கும். ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

சீழ், தேன் நிறப் பொருக்கு, காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்வது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு வரும் சிவப்புப் புள்ளி கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தும் மறையவில்லை என்றால் நேரம் பார்க்காமல் ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ கிளம்புங்கள். ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்தால் அந்த ட்யூபையும் எடுத்துப் போங்கள்.