கொன்ற கணக்கும் நின்ற கணக்கும்

அன்புள்ள ஐயா,

மேசைப் போர் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எப்போதாவது எழுதுவதை விடாமல் படிக்கிறேன். இரண்டு வருடமாக வார்ஹாமர் 40,000 ஆடுகிறேன். ஆர்க் என்ற கற்பனை இனத்தின் படை, ஒவ்வொரு யூனிட்டுக்கும் உள்ள பாயிண்ட் விலை மொத்தம் 2000, பத்தாம் பதிப்பு விதிகள். என் படைப் பட்டியலில் எப்போதும் ஒரு கிரெட்சின் யூனிட், அதாவது சேர்ந்தே நகரும் ஒரு குழு, இருக்கும். பத்துப் பொடியன்கள், அவர்களை மேய்க்க ஒரு ரன்ட்ஹெர்ட். மொத்தம் 40 பாயிண்ட். என்னோடு ஆடும் நண்பர் கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களை எக்ஸெலில் போட்டுப் பார்த்தார். அத்தனை ஆட்டத்திலும் சேர்த்து அந்த யூனிட் கொன்றது எதிரியின் மூன்றே மாடல் பொம்மை. “இது படை இல்லை, மேசைக்கு அலங்காரம். எடுத்துவிட்டு அந்த நாற்பதை வேறெதிலாவது போடு” என்கிறார். ஆப்ஜெக்டிவில், அதாவது பிடித்து வைக்க வேண்டிய இடத்தில், நின்றால் பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழும்போது சிறப்பு உத்திகளுக்குச் செலவிட ஒரு கமாண்ட் பாயிண்ட் கிடைக்கிறதே என்றேன். அதற்கும் சராசரி போட்டுக் காட்டி, போதாது என்கிறார். எடுத்துவிடட்டுமா?

இன்னும் இரண்டு கேள்விகள். 3டி பிரிண்டரில் அடித்த மாடல்களை வைத்து ஆடலாமா? நாற்பது வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அந்தப் பதினோரு பொம்மைக்கும் வண்ணம் தீட்டியது என் மகள். எட்டு வயது. அதனால்தான் எடுக்க மனம் வரவில்லையோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கெல்லாம் பதில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 3டி பிரிண்ட் மாடலை விடுவதும் விடாததும் நீங்கள் ஆடும் இடத்தை நடத்துகிறவரின் முடிவு. அங்கே கேளுங்கள்.

அந்த எக்ஸெல் தாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் கடிதம் வந்தபோது நான் லிவர்பூல் போய்விட்டு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அங்கே ரம்ஃபோர்ட் தெருவில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் நிலவறையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் கடந்த சரக்குக் கப்பல்களின் பாதுகாப்பை அந்த நிலவறையிலிருந்துதான் நடத்தினார்கள். என்னை அங்கே இழுத்துப் போனது அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் நடந்த ஒரு விளையாட்டு. காசநோயால் பணியிலிருந்து விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டு, 1942 தொடக்கத்தில் அங்கே உட்கார வைத்தார்கள். நீர்மூழ்கிகள் எப்படித் தாக்குகின்றன, காவல் கப்பல்கள் என்ன செய்தால் தப்பலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவர் கேட்டு வாங்கியது பெரிய கருவி எதுவும் இல்லை. பழுப்பு லினோலியம் விரித்த தரை, அதில் கட்டங்கள், சாக்பீஸ், சின்ன மரக் கப்பல்கள். சுற்றிலும் கித்தான் திரை. காவல் கப்பல் தலைவனாக ஆடுகிறவர் திரையில் உள்ள ஓட்டை வழியாகத்தான் பார்க்கலாம். தன் கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். காவல் கப்பலின் தடம் வெள்ளைச் சாக்பீஸில். நீர்மூழ்கியின் தடம் பச்சையில், பழுப்புத் தரையில் ஓட்டை வழியே பார்க்கிறவர் கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நிமிடம்.

ஆட்டத்தை நடத்தியவர்கள் கடற்படையில் சேர்ந்திருந்த இளம்பெண்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் படித்துவிட்டுப் போனார்கள். அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன், தானே பழைய நீர்மூழ்கிக்காரர், நீர்மூழ்கியின் பக்கம் ஆடி ஐந்து முறை தோற்றார். எதிரே காவல் கப்பலை நகர்த்தி அவரைத் தோற்கடித்தவர் ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண்.

அந்த வெள்ளைத் தடங்களில் பலவும் கார்வெட்டுகளுடையவை. பூக்களின் பெயர் வைத்த சின்னக் கப்பல்கள். திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்தை எடுத்துத் திருத்தி, சரக்குக் கப்பல் கட்டும் சாதாரணத் தளங்களிலேயே கட்டிவிடக்கூடியவை. மலிவு, அதனால்தான் இருநூறுக்கும் மேல் கட்ட முடிந்தது. அதன் உச்ச வேகம் 16 நாட் (கப்பல் வேகத்தின் அளவு). ஜெர்மானிய நீர்மூழ்கி நீருக்கு மேலே ஓடினால் 17 நாட்டைத் தாண்டும். அதாவது வேட்டையாட வந்த கப்பலால் இரையைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. முன்பக்கம் நான்கு அங்குலப் பீரங்கி ஒன்று. பெரிய அலை வந்தால் உள்ளே இருப்பவர்கள் குடலைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். உங்கள் நண்பரிடம் இந்த விவரத்தைக் கொடுத்தால் என்ன சொல்வார்? எடுத்துவிடு என்பார்.

ஆனால் கார்வெட் பக்கத்தில் வந்துவிட்டால் நீர்மூழ்கி அமிழ்ந்தே ஆக வேண்டும். அமிழ்ந்துவிட்டால் அதன் உச்ச வேகம் ஏழரை நாட்தான், அதுவும் பேட்டரி தாங்கும் கொஞ்ச நேரத்துக்கு. குறி வைத்த இடத்துக்கு இனி அதனால் வர முடியாது. கார்வெட் ஒரு குண்டுகூடப் போடாமல் திரும்பியிருக்கலாம். அன்றிரவு இன்னும் ஒரு கோதுமைக் கப்பல் கரை சேர்ந்தது. நண்பரின் தாளில் இதற்கு எந்தப் பத்தியும் இல்லை. ‘கொன்றது: பூஜ்யம்’ என்று மட்டும் இருக்கும்.

இதைப் பற்றி இன்னும் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே போரில் மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை விமானங்கள் குண்டு போட்டு அழித்துக்கொண்டிருந்தன. சில கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கியும் அதை இயக்க ஆட்களும் வைத்தார்கள். பீரங்கிக்கும் தட்டுப்பாடு, ஆளுக்கும் தட்டுப்பாடு. கொஞ்ச நாள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். தாக்க வந்த விமானங்களில் சுட்டு வீழ்த்தப்பட்டவை நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு. அவ்வளவுதானா, கழற்றிக் கொண்டுபோய் வேறெங்காவது வைப்போம் என்று பேச்சு எழுந்தது. அப்புறம்தான் ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். தாக்கப்பட்ட கப்பல்களில் எத்தனை மூழ்கின? பீரங்கி சுடாத கப்பல்களில் நூற்றுக்கு 25. சுட்ட கப்பல்களில் நூற்றுக்கு 10. கீழேயிருந்து குண்டு வரும்போது விமானியால் தாழப் பறந்து நிதானமாகக் குறி பார்க்க முடியவில்லை. விமானம் விழவில்லை, அவன் போட்ட குண்டுதான் கடலில் விழுந்தது. பீரங்கியைக் கப்பலில் ஏற்றியதே கப்பலைக் காப்பாற்றத்தான். அதை மறந்துவிட்டு விமானத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ச., நண்பர் மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் மேல்தான் கோபம். பன்னிரண்டு ஆட்டம் அந்த யூனிட்டை மேசையில் வைத்து நகர்த்தியவர் நீங்கள். அது எதற்காக நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? யாரோ தாளை நீட்டியதும், நீங்கள் கண்ணால் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு எடுத்துவிடட்டுமா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கமாண்ட் பாயிண்ட்டைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறீர்கள். அதை விடுங்கள். அது வந்தாலும் வராவிட்டாலும் என் பதில் இதுதான்.

இதே தவறை நான் செய்தவன். 2019, எட்டாம் பதிப்பு நாட்கள். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயக் கூடத்தில் ஆடுவோம். என் எதிரே பெரும்பாலும் ஒரு பெரியவர், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று கிரெட்சினை எடுத்துவிட்டு அந்தப் பாயிண்ட்டுகளைப் பெரிய பீரங்கிக்குச் செலவு செய்திருந்தேன். இரண்டாவது டர்னில் அவர் ரிசர்வில், அதாவது மேசைக்கு வெளியே, வைத்திருந்த ஐந்து டெர்மினேட்டர்களை (கனத்த கவச வீரர்கள்) எடுத்து என் பீரங்கிகளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மூலையில் இறக்கினார். அடுத்த அரைமணி நேரம் என் பொம்மைகளை நானே ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை கிரெட்சினைப் பின் விளிம்பு நெடுக நிறுத்தியிருந்தேன். இரண்டாவது டர்னில் டெர்மினேட்டரைக் கையில் எடுத்தார். வலது மூலைக்கு மேலே அந்தக் கை நின்றது. இன்னொரு கையால் டேப்பை இழுத்து அளந்தார். என் பொம்மைகளிலிருந்து ஒன்பது அங்குலத்துக்கு மேல் தள்ளித்தான் இறக்க வேண்டும், அவ்வளவு இடம் இல்லை. நடுவில் அளந்தார், இல்லை. மேசையைச் சுற்றி இடது பக்கம் வந்து, முட்டி வலியோடு குனிந்து, மறுபடி அளந்தார். ஒரு விரற்கடை குறைந்தது. நிமிர்ந்து, கையிலிருந்த பொம்மையைப் பக்கத்து நாற்காலியில் கிடந்த பெட்டி மூடியில் திரும்ப வைத்தார். அது வெள்ளை உலோகத்தில் வார்த்த பழைய பொம்மை, மூடியில் டக்கென்று சத்தம் கேட்டது. என் கிரெட்சின்கள் அன்று முழுக்க ஒரு பகடைகூட உருட்டவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவர் நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு டர்னுக்கும் இரண்டு பத்தி போட்டிருந்தார். செய்தது ஒன்று, செய்ய நினைத்து முடியாமல் போனது இன்னொன்று. வலது பத்தியில் என் கிரெட்சின் நான்கு இடத்தில் வந்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு நான் கொன்ற கணக்கு வைப்பதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் பதிப்புக்கு வருகிறேன். இதிலும் ரிசர்விலிருந்து இறங்கும் யூனிட் பொதுவாக எதிரி மாடல்களிலிருந்து ஒன்பது அங்குலத்துக்கு மேல் தள்ளித்தான் இறங்க வேண்டும். ஏழு பேரோ அதற்கு மேலோ உள்ள யூனிட்டில் ஒவ்வொருவனும் வேறு இருவருக்கு இரண்டு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்பதால் ஒற்றை வரிசை நிற்காது. இரு முனையிலும் இரண்டிரண்டு பேரை ஒட்டி வைத்து, நடுவில் ஏழு பேரை இரண்டு இரண்டு அங்குல இடைவெளியில் விட்டுப் பாருங்கள். வரிசை ஏறக்குறைய இரண்டடி வரும். இரு பக்கமும் ஒன்பது அங்குலம் சேர்த்தால் நாற்பது அங்குலத்தைத் தாண்டும். மேசையின் குறுகிய விளிம்பு 44 அங்குலம். நாற்பது பாயிண்ட்டுக்கு, அதாவது படையில் ஐம்பதில் ஒரு பங்குக்கு, முதுகுப்புறம் முழுக்க அடைபட்டது. அவர்களை அகற்றித்தான் தீருவேன் என்று எதிரி சுட வந்தாலும், பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் குறி படும் சாதாரண போல்டர் துப்பாக்கியால் பத்துக் கிரெட்சினைத் தீர்க்கச் சராசரியாகப் பதினெட்டு முறை சுட வேண்டும். அந்தப் பதினெட்டும் உங்கள் நல்ல யூனிட் மேல் விழவில்லை.

அதற்காக மூன்று யூனிட் வாங்கிவிடாதீர்கள். ஒன்று போதும், மேசை பெரிதாகத் திறந்து கிடந்தால் இரண்டு. மூன்றாவதற்கு மறைக்க இடம் மிஞ்சாது. அழித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் வெற்றிப் புள்ளி தரும் பணிகள் இருக்கின்றன, அங்கே நீங்களே எதிரிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல ஆகும். எதிரியின் படையில் ரிசர்வே இல்லை, எல்லாம் முன்னால் நிற்கிறது என்றால் பின் விளிம்பில் நிறுத்துவதும் வீண். அன்று அவர்களை முன்னால் அனுப்பி எதிரி ஓடிவரும் வழியை மறியுங்கள். மேசையைப் பார்க்காமல் எந்த யூனிட்டுக்கும் விலை சொல்ல முடியாது. நண்பரின் தாளில் மேசையே இல்லை.

மகளைப் பற்றிய சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை ஒரு கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பதினோரு முகத்துக்குக் கண் வைத்திருக்கிறாள். அந்தப் பிரியத்தை ஒளித்துவைக்க ‘யூனிட் பயனுள்ளதா’ என்ற கேள்வியை ஏன் இழுக்கிறீர்கள்? பிரியத்துக்காக வைத்திருந்தாலும் சரிதான். இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான் வேண்டுவது. வண்ணத்துக்கு மேல் வார்னிஷ் அடித்தீர்களா? அடிக்கவில்லையென்றால் இந்த வாரமே அடியுங்கள். கை படப்படக் கண்கள்தான் முதலில் அழியும்.

அடுத்த ஐந்து ஆட்டத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வலது பத்தியை நீங்கள் எழுதக் கூடாது. ஒவ்வொரு டர்ன் முடிவிலும் நோட்டை நண்பரிடம் நீட்டி, என்ன செய்ய நினைத்தாய், எதனால் விட்டாய் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். ஐந்தும் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.