போகும்போது ஆறரை மணி, வரும்போது இருபத்தொரு மணியா?

கேள்வி: லண்டனில் படிக்கும் பேரனைப் பார்க்க, வரும் ஜனவரியில் கோலாலம்பூரிலிருந்து நேர் விமானத்தில் போகிறேன். இரவு 11.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.30க்குச் சேரும் என்றும், திரும்பும்போது காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 7.00க்கு வந்து சேரும் என்றும் டிக்கெட்டில் இருக்கிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வேறுபாடு? இன்னொரு சந்தேகம்: உலக வரைபடத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடாப் பக்கம் போகிறது, பேரனோ காஸ்பியன் கடலுக்கு மேலே பறந்ததாகச் சொல்கிறான்.
வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகிறது. ஜனவரியில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே போகும்போது அந்த எட்டைக் கூட்டினால் பதினான்கரை மணி, வரும்போது கழித்தால் 13 மணி. கோடைக்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால் 7 மணி நேரமே வித்தியாசம். (1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தும் வரை, குளிர்கால வித்தியாசம் ஏழரை மணியாக இருந்தது. அந்த ஏழரை அன்றே விலகியது.)

மீதமுள்ள ஒன்றரை மணி நேர வேறுபாட்டுக்குப் பூமியின் சுழற்சியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அது சரியன்று, காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. உண்மைக் காரணம், வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம். குளிர்காலத்தில் வலுக்கும் அக்காற்று, திரும்பி வரும் விமானத்தை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிறது. போகும் விமானமோ அதை எதிர்த்தே போக வேண்டும்.

அடிக்கோல் விஷயத்தில் உங்கள் பேரன் சொல்வதே சரி. உருண்டையைத் தட்டையாக்கிய படத்தில் நேர்க்கோடு மிகக் குறுகிய வழியாக இருப்பதில்லை. ஒரு பூகோள உருண்டையில் கோலாலம்பூரில் தையல் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை லண்டனுக்கு இறுக்கி இழுத்துப் பாருங்கள்: நூல் வங்காள விரிகுடாவைக் கடந்து, உத்தரப் பிரதேசத்தின் மேலேறி, காஸ்பியன் கடலைத் தொட்டுப் போகும். அந்த நூல் வழி சுமார் 10,600 கி.மீ.; அடிக்கோல் வழியில் போனால் ஏறத்தாழ 11,000 கி.மீ. ஆகும். விமானங்கள் நூல் வழியையும் அப்படியே பின்பற்றுவதில்லை. காற்றுக்கும், மூடப்பட்ட வான்வெளிக்கும் ஏற்ப வளைந்து போவதால் பறக்கும் தூரம் சற்றுக் கூடும்.

10,600ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாதே என்று கேட்க வேண்டாம். டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், லண்டனின் நெரிசலான வானில் இறங்கக் காத்திருப்பதும் அதில் அடக்கம். பேரனிடம் காலை 5.30 என்றே சொல்லுங்கள். திரும்பும்போது உங்களை அழைத்துப் போக வருபவரிடம் மட்டும், லண்டனை விட்டுக் கிளம்பும் தேதிக்கு மறுநாளின் தேதியைச் சொல்ல மறக்காதீர்கள்.