புதிதாக நட்ட பசுமைமாறாச் செடிகள் பழுப்பாகி இலை கொட்டுகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இது என்ன நோய்?

நோய் என்று முடிவுகட்டி மருந்து வாங்கப் போகாதீர்கள். நட்டு ஒன்றிரண்டு மாதத்துக்குள் வருகிற பழுப்பு பெரும்பாலும் வேர் சமாச்சாரம். இலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் மண்ணுக்குள் விரலை விடுங்கள்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். வேலிக்காகப் பத்து துஜா நட்டேன், செதில் செதிலான இலை கொண்ட பசுமைமாறாச் செடி அது. சுற்றிலும் மண் சொதசொதவென்று இருக்க, செடி மட்டும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் கூடிவிட்டதோ என்று நிறுத்தினேன், இன்னும் மோசமானது. கடைசியில் ஒன்றைத் தோண்டி எடுத்தால், தொட்டியோடு வந்த மண்கட்டி உள்ளே பொடிப்பொடியாக உலர்ந்து கிடந்தது. நர்சரிக் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுலபத்தில் தண்ணீரை ஏற்காது. ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்து தோட்டத்து மண்ணுக்குப் போய்விடும். புதுச் செடிக்கோ வேர் முழுக்க அந்தக் கட்டிக்குள்தான்.

அதனால் தண்டை ஒட்டி ஒரு விரல் ஆழம் பாருங்கள், பிறகு ஓர் அடி தள்ளிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் குழாயைச் சொட்டுகிற அளவுக்குத் திறந்து, தண்டடியிலேயே நெடுநேரம் விடுங்கள். இரண்டு இடமும் ஈரமாக இருந்து, மண்ணில் அழுகிய நாற்றமும் அடித்து, வேரை இழுத்தால் தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தால் அது வேரழுகல். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் இலை தாகத்தில் வாடுவதைப் போலவே வாடும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். கதை முடிந்தது.

தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா? புதைந்திருந்தால் மண்ணை விலக்குங்கள்.

இப்போது இலைக்கு வரலாம். உள்பக்கத்துப் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி விழ, நுனி பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். பசுமைமாறாச் செடியும் பழைய இலையை உதிர்க்கத்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் கருகினால் வெயில் அல்லது காற்று. ஓரங்கள் கருகியிருந்தால், வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை அல்லது குழியில் உரம் அதிகம். இலை மங்கிப் புள்ளிபுள்ளியாக இருந்தால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழும் துகள் ஊர்ந்தால் சிலந்திப்பேன்.

இலை கொட்டுவது பல சமயம் நல்ல சேதி. இலையைக் கழற்றிவிடக் கிளைக்கு உயிர் வேண்டும். பழுப்பாகியும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இலைதான் எனக்குப் பயம், அந்தக் கிளை சட்டென்று செத்திருக்கலாம். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அகல இலைச் செடியென்றால் அந்த இடத்திலிருந்து திரும்பத் துளிர்க்க வாய்ப்புண்டு, சில வாரம் பொறுங்கள். துஜா, சைப்ரஸ் வகையில் முழுக்கப் பழுப்பான மரக்கிளை பெரும்பாலும் துளிர்க்காது. என் பத்தில் மூன்று அப்படிப் போயின. எதுவானாலும் தேறும்வரை உரம் போடாதீர்கள்.

செடியின் பெயரைச் சொல்லவில்லையே? தண்டடி தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்க்கிறேன்.