வேலைக்கு நடுவே பொதுச் சுகாதார முதுமாணி

கேள்வி: மூதூர்ப் பக்கம் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். தாதியியலில் நான்கு வருடப் பட்டம் உண்டு. பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி செய்ய ஆசை. எதற்கு விண்ணப்பிக்கலாம்? இரவு வேலையோடு முடிக்க இயலுமா? கணக்கென்றால் கொஞ்சம் பயம்.

பதில்: கணக்குக்குப் பிறகு வருவோம். முதலில், கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் சமூக மருத்துவ முதுமாணி வைத்தியர்களுக்கு மட்டுமானது. இது தெரியாமல் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் தேட வேண்டியது மற்றப் பட்டதாரிகளையும் எடுக்கும் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுமாணி) வகைப் பாடநெறிகளை.

விளம்பரத்தில் கட்டணத்துக்கு முன் தகைமை மட்டத்தை, அதாவது இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் (எஸ்.எல்.கியூ.எஃப்.) அந்தப் பட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். இலங்கையில் 9ஆம் மட்ட முதுமாணி பாடங்களோடு 30 கிரெடிட்டில் (படிப்புச் சுமையின் அலகு) முடிந்துவிடும். 10ஆம் மட்டம் 60 கிரெடிட். அதில் 15 ஆய்வுக்கு. பின்னர் கலாநிதிப் படிப்பு, விரிவுரையாளர் வேலை என்று எண்ணம் இருந்தால் 10ஐத் தேடுங்கள். வெளிநாட்டு ஒன்லைன் பட்டமென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்பது வேறு, உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி (நியமனம், பதவி உயர்வு விதிகள்) அந்தப் பட்டம் செல்லுபடியாவது வேறு. பணம் கட்டுமுன் இரண்டாவதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு பதவி உயர்வு நேரத்தில் உதவாது.

சரி, இரவு வேலை. பாடங்களை எப்படியோ சமாளித்துவிடுவீர்கள். ஆட்கள் மாட்டிக்கொள்வது ஆய்வில்தான், அதுவும் மாதிரி அளவில், அதாவது எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதில். ‘எங்கள் பிரதேசத்தில் எத்தனை வீதமானோர் நீர்த்தொட்டியை மூடி வைக்கிறார்கள்?’ என்பது உங்கள் கேள்வி என்று வையுங்கள். பதில் முன்கூட்டித் தெரியாததால் 50 வீதம் என்று எடுக்கிறோம். 95 வீத நம்பிக்கை மட்டத்துக்கான எண் 1.96. அதை வர்க்கித்தால் 3.8416. அதை 0.5ஆல் இருமுறை பெருக்கி, 5 வீதப் பிழைக்காக 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16, அதாவது 385 வீடுகள். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் 428. விடுமுறை நாளொன்றில் எட்டு வீடு ஏறி இறங்கலாம் என்றால் 54 நாள். வாரம் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வென்றால் ஒரு வருடத்துக்கு மேல். உங்களைப் பயமுறுத்தும் கணக்கு இவ்வளவுதான். பயப்பட வேண்டியது அந்த 54 நாளுக்கு.

அதனால் நான் சொல்வது, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் தரவில் ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டு பாடநெறிக்குப் போங்கள். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு நாடு முழுதும் 1,86,000 பேரளவில் பதிவானார்கள். வார்டில் டெங்கு சந்தேகம் வந்ததும் நிரப்பப்படும் 544 என்ற நோய் அறிவித்தல் படிவம் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போகிறது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார். வாரத் தொகுப்பு கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. அவர்களின் வாராந்த அறிக்கையை யாரும் இலவசமாகப் படிக்கலாம். அட்டவணையின் ஓரத்தில் டி, சி என்று இரண்டு நிரல்கள் இருக்கும்: அறிக்கை நேரத்துக்கு வந்ததா, முழுமையாக வந்ததா என்பதன் வீதங்கள். பலரும் கவனிக்காத நிரல்கள் இவை. ஆனால் அட்டவணை திருகோணமலையை ஒரே வரியாகத்தான் காட்டும். கிண்ணியா, மூதூர் என்று பிரித்துப் பார்க்கப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் 544 நிரப்பிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் போகிறது? வார்டில் நிற்கும் உங்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீடு வீடாக அலையவும் வேண்டாம்.

பதிவேட்டை வைத்துச் செய்தாலும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அனுமதிக்கு மாதங்கள் எடுக்கலாம், முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். நேர்காணலும் வைப்பதென்றால், தமிழ்க் கேள்விக்கொத்தைக் குழுவுக்கு அனுப்புமுன் அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை தம்பலகாமத்தில் “நீர்க்கொள்கலன்களை மூடி வைப்பீர்களா?” என்று கேட்டேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, “எங்கட வீட்டில அது இல்லையே, மகன்” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மூடியில்லாமல் மூன்று பரல் நிறையத் தண்ணீர்.