சாய்ந்த மோட்டாரும் சரியும் ட்ரோனும்

கேள்வி: ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, 5 அங்குல விசிறிகள் கொண்ட ட்ரோன் ஒன்றை நானே பூட்டினேன். வேகத்துக்காக நான்கு மோட்டார்களின் அடியிலும் 15 டிகிரி ஆப்பு வைத்து முன்பக்கமாகச் சாய்த்திருக்கிறேன். வேகம் கூடியது, ஆனால் யா (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கட்டளை) கொடுக்கும்போதெல்லாம் ட்ரோன் ஒரு பக்கமாகச் சரிகிறது. சாய்வினால் உந்துவிசையும் வீணாகிறதா?
— கல்லூரி மாணவர், பல்லாவரம்

பதில்: உந்துவிசை வீணாகவில்லை. நான்கும் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால், அந்தரத்தில் நிற்கும்போது ட்ரோன் தன் மூக்கை 15 டிகிரி உயர்த்திக்கொள்கிறது; விசிறிகள் மட்டமாகி, விசை முழுவதும் மேல்நோக்கியே செல்கிறது. முன்பு 45 டிகிரி கவிழ்ந்து பறந்த வேகத்தில் இப்போது உடல் 30 டிகிரி கவிழ்ந்தாலே போதும் என்பதால், ஃபிரேமும் பேட்டரியும் காற்றுக்குக் காட்டும் முகம் குறைகிறது. உங்களுக்குக் கிடைத்த வேகம் அதனால் வந்ததே.

மோட்டார்களை ஒன்றையொன்று நோக்கி உட்பக்கமாகச் சாய்த்தால்தான் இழப்பு. அப்போது கிடைமட்ட விசைகள் ஒன்றோடொன்று மோதி அழிந்துபோகின்றன: 10 டிகிரியில் தூக்குவிசை 1.5 சதவீதம் குறையும். 20 டிகிரியில் 6 சதவீதம் குறைவதோடு, அதை ஈடுகட்ட ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் மின்திறன் செலவாகும். நிலைத்தன்மைக்காக அப்படிச் சாய்ப்போர் உண்டு. சுழற்சியை உணரும் கைரோ ஏற்கெனவே பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இவ்வளவு விலை கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி, உங்கள் ட்ரோன் சரிவதற்கு வருவோம். விசிறி சுழலும்போது ட்ரோனை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும் எதிர்முறுக்குதான் யாவைத் தருகிறது; அது மோட்டாரின் அச்சைச் சுற்றியே செயல்படுகிறது. மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் கன்ட்ரோலரோ ஃபிரேமின் செங்குத்து அச்சையே யா அச்சாகக் கருதுகிறது. இரண்டுக்கும் இடையே 15 டிகிரி இருப்பதால், யாவுக்காகப் பிறக்கும் முறுக்கில் ஏறத்தாழ கால் பங்கு ரோலாக (பக்கவாட்டுச் சரிவாக) மாறிவிடுகிறது. ரோல் கொடுத்தாலும் இதேபோல் யா கலந்திருக்கும், கவனித்துப் பாருங்கள்.

கன்ட்ரோலரில் பீட்டாஃப்ளைட் மென்பொருளைப் பயன்படுத்துவதானால், போர்டு பொருத்தப்பட்ட கோணத்தைக் குறிக்கும் போர்டு அலைன்மென்ட் பகுதியில் பிட்ச் (மூக்கின் ஏற்ற இறக்க) கோணத்தை 15 டிகிரி மாற்றினால் இது தீரும். கூட்டல், கழித்தல் குறி தவறினால் பிழை 30 டிகிரியாகிவிடும் என்பதால், விசிறிகளைக் கழற்றிவிட்டு, மோட்டார்களின் தலை மட்டமாக நிற்குமாறு மூக்குக்கு முட்டுக்கொடுத்துப் பாருங்கள்; திரையிலுள்ள ட்ரோன் படமும் மட்டமாகத் தெரிய வேண்டும். கேமராவின் ஏற்றத்தையும் 15 டிகிரி குறைத்துவிடுங்கள்.

மோட்டாரைத் தாங்கும் கைக்குக் குறுக்காகச் சாய்க்கும் பக்கவாட்டுச் சாய்வு வேறு வகை. டிஜேஐ எஸ்1000 போன்ற பெரிய ட்ரோன்களில் மோட்டார்கள் 3 டிகிரி மட்டும் சாய்க்கப்பட்டிருக்கும். தூக்குவிசையில் இழப்பு 0.14 சதவீதமே, ஆனால் நீண்ட கையின் நுனியில் பக்கவாட்டாகத் தள்ளும் அந்தச் சிறு விசை எதிர்முறுக்கோடு சேர்ந்து, மந்தமான யாவை விரைவாக்கும். ஒவ்வொரு மோட்டாரும் தன் விசிறி சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கம் தள்ளுமாறு சாய வேண்டும். மாறிச் சாய்ந்தால் ஏற்கெனவே இருந்த யா திறனும் போய்விடும்.

சோதனைக்கு உங்கள் மொட்டைமாடி ஆகாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலத்துக்குள் வருகிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்பட்டுள்ள திறந்தவெளிக்குச் சென்று பறக்கவிடுங்கள்.