உரக்குவியலில் நெளிந்தது பாம்புக்குட்டியா?

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். தோட்டத்து உரக்குவியலைக் கிளறியபோது, ஒரு சாண் நீளத்தில் பழுப்பாக ஒன்று நெளிந்து உள்ளே போய்விட்டது. பாம்புக்குட்டி என்றேன், மகனோ குட்டிக் கால்களைப் பார்த்ததாகச் சொல்கிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "அரணை கடித்தால் மரணம்" என்று பயப்படுகிறார். ஆள் வைத்துப் பிடிக்க வேண்டுமா?

பதில்: மகன் கண்டது சரியென்றால் வேண்டியதில்லை. உங்கள் விவரிப்புக்குப் பொருந்துவது மூவிரல் அரணை. விலங்கியலில் சைஃபோஸ் ஈக்வாலிஸ். நான்கு கால்களிலும் மும்மூன்று விரல்கள்தான். மேலே பழுப்பு, வயிறு மஞ்சள் அல்லது ஆரஞ்சு. மெதுவாக நகரும்போது கால்களை ஊன்றும். அவசரமென்றால் அவற்றை உடம்போடு ஒட்டிக்கொண்டு பாம்பைப்போல் நெளிந்தோடும். பொலபொலப்பான மண்ணுக்குள் நீண்ட கால் இடைஞ்சல்தானே!

அம்மாவிடம் சொல்லுங்கள்: நம் ஊர் அரணைக்கும் நஞ்சில்லை, இதற்கும் இல்லை. கடிக்க வந்த அரணை வந்த காரியத்தையே மறந்துவிடும் என்றும் அதே ஊர்தான் சொல்கிறது!

ஆனால் கால்களைத் தெளிவாகப் பார்க்காதவரை கை வைக்காதீர்கள். அங்கே கொடிய நஞ்சுள்ள பழுப்புப் பாம்பும் உண்டு. அதன் குட்டிக்குப் பெரும்பாலும் தலையிலும் பிடரியிலும் கருந்திட்டு இருக்கும். பாம்புக்கு இமை கிடையாது. இந்த அரணை கண் சிமிட்டும்.

இதன் பிள்ளைப்பேறுதான் எனக்குத் தீராத வியப்பு. சிட்னிப் பக்கம் முட்டையிடுகிறது. சிட்னி இருக்கும் அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கு மேட்டுநிலத்திலோ குட்டி போடுகிறது. இனம் ஒன்றேதான். முட்டையும் மெல்லிய ஓட்டோடு, கரு ஏறக்குறைய முழுதாக வளர்ந்த நிலையில் வருவதால் ஓரிரு வாரத்திலேயே பொரிந்துவிடும். ஒரே பெண் அரணை மூன்று முட்டைகள் இட்டு, சில வாரம் கழித்து அதே சூலில் ஒரு குட்டியையும் ஈன்றதை சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள்.

உள்நாட்டு ஊர்வன அங்கே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. கொல்லவோ பிடித்து வளர்க்கவோ கூடாது. பூச்சிகளைத் தின்பதால் தோட்டத்துக்கும் நல்லதுதான். இனி உரத்தைக் கிளறும்போது கவைக்கோலை ஓங்கிக் குத்தாமல், கையுறை போட்டுக்கொண்டு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் மட்டும் கையோடு வந்துவிடலாம். கோடையில் முட்டை தென்பட்டால் புரட்டாமல் அதே உரத்தைப் போட்டு மூடிவிட்டு, ஓரிரு வாரம் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.