பிழைபடக் கூடியவை எல்லாம் சமமா?

கேள்வி: பௌதிகவியலாளர் டேவிட் டொய்ச் குவாண்டம் கணினி எதையும் கட்டியவர் அல்லர்; எந்த அறிவும் முற்றுறுதியானதன்று என்றும் சொல்கிறார். அப்படியானால் விஞ்ஞானமும் ஒரு நம்பிக்கைதானே? (களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்)

பதில்: அவர் கட்டவில்லை என்பது சரி. ஆனால் எதைக் கட்ட வேண்டும் என்பதை வரையறுத்தவர் அவரே. 1936இல் கணிதவியலாளர் அலன் டியூரிங், தாளில் கணக்குப் போடும் மனிதரை மனத்தில் வைத்துக் கணிப்பை வரையறுத்தார். எதைக் கணிக்கலாம் என்பதை இயற்கையின் விதிகளே தீர்மானிக்கின்றன என்று வாதிட்ட டொய்ச், 1985இல் அணு போன்ற நுண்பொருள்களுக்குரிய குவாண்டம் விதிகளின்படி இயங்கும், ஒரு பணிக்கென மட்டும் அமையாத பொதுக் கணினியை வரையறுத்தார். 1992இல் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஜோசாவுடன் அவர் ஒரு புதிரை முன்வைத்தார். 1,024 உள்ளீடுகளுக்கும் ஒரே விடை தரும் பெட்டியா, சரிபாதிக்கு 0உம் மறுபாதிக்கு 1உம் தரும் பெட்டியா என்று ஐயமறச் சொல்ல, சாதாரணக் கணினி 513 தடவை வரை கேட்க நேரலாம். அம்முறையின் இன்றைய வடிவில் குவாண்டம் கணினிக்கு ஒரு தடவை போதும்.

உங்கள் இரண்டாவது கூற்றுத்தான் என்னை வருத்துகிறது. மெய்யியலாளர் கார்ல் பொப்பரின் வழிவந்த டொய்ச், அறிவு பிழைபடக் கூடியது என்றாரேயன்றி எல்லாக் கருத்தும் சமம் என்று சொல்லவில்லை. விளக்க வந்ததைக் கைவிடாமல் தன் பகுதிகளை நினைத்தபடி மாற்ற இயலாதிருப்பதே நல்ல விளக்கம் என்பது அவருடைய உரைகல்.

நிலாக் காலத்தில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்து, 'மீன் பாட்டு' எனப்படும் நீரடி ஓசையைக் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஓசை மீன் மகிழ்ந்து பாடுவது என்றால், மகிழ்ச்சியை எடுத்துவிட்டுத் துயரத்தை வைத்தாலும் விளக்கம் அப்படியே நிற்கும். ஊரிகள் என்னும் ஓட்டு உயிர்கள் எழுப்பும் ஓசை என்பவரோ தப்ப முடியாது. ஊரியே இல்லாத இடத்தில் அதே ஓசை கேட்டால் அவர் கூற்று விழுந்துவிடும். சோதிக்கத் தக்கதாய் இருப்பது மட்டும் போதாது என்பதையும் டொய்ச் அழுத்திச் சொல்கிறார். பௌர்ணமிதோறும் மீன் மகிழும் என்பதும் சோதிக்கத் தக்கதே; பொய்த்தால் அதே வாயால் அமாவாசைக்கு மாற்றிவிடலாம்.

நம் பிரபஞ்சத்தோடு வேறு பலவும் உண்டு என்னும், டொய்ச் ஆதரிக்கும் பல பிரபஞ்சக் கொள்கையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. பௌதிகவியலாளர்களே அதில் ஒன்றுபடவில்லை. மறுப்பதானால், எந்த விளக்கம் எந்த இடத்தில் பிழைக்கிறது என்று எழுதுங்கள், இப்பக்கத்தில் இடம் தருகிறேன். 'எல்லாம் நம்பிக்கைதானே' என்ற வரி எந்தப் பிழையையும் சுட்டவில்லை.